நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் பயன்

“பங்களாவின் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. மாலினி இருட்டிலே தடவிக் கோப்பையை எடுத்தாள். பாவம், அவளுக்குத் தெரியாது, அந்தக் கோப்பியிலே…”

இந்த இடத்தில் என் மனைவி செல்வநாயகி மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினாள்.

நிறுத்தியிருக்கக் கூடாது. முப்பது வருடமாக நீர்வேலியில் எங்கள் கோயிலில் புராணபடிப்புக்குப் பயன் சொல்லுகிறவன் நான். ஒருவர் பாட்டை இழுத்து வாசித்து நிறுத்துவார். நிறுத்திய கையோடு அதன் பொருளைச் சபைக்கு விளங்க எடுத்துச் சொல்வது என் வேலை. முப்பது வருடப் பழக்கத்தில், யாராவது உரத்து வாசித்து நிறுத்தினால் என் வாய் என்னைக் கேட்காமலேயே திறந்துகொள்ளும்.

அன்றும் திறந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் அரைக்கண்ணில் கிடந்தபடி, விறாந்தைக்கும் வீதிக்கும் கேட்கும்படி கணீரென்று சொன்னேன்:

“அதாவது, அந்தக் கோப்பியில் நஞ்சைக் கலந்து வைத்தவன் அவளுடைய தாய்மாமனே என்பதாம்!”

செல்வநாயகி வாசித்துக்கொண்டிருந்தது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். ‘கடைசிக் கோப்பியும் கசந்தது’ என்ற அந்த மர்ம நாவலுக்கு மொத்தம் இருநூற்று நாற்பது பக்கம்.

“ஐயோ கர்த்தரே!” என்றார் பக்கத்து வீட்டுப் பொன்மலர் அக்கா. ஆஸ்பத்திரியில் வேலை செய்து இளைப்பாறிய தாதி. கண்ணில் வெண்புரை எடுத்து ஒப்பிரேசன் செய்த நாளிலிருந்து, பின்னேரம் மூன்று மணிக்கு வந்து உட்காருவார். செல்வநாயகி அவருக்கு நாவல் வாசித்துக் காட்டுவாள்.

செல்வநாயகி புத்தகத்தை மூடினாள். எழுந்தாள். குசினிக்குள் போனாள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்த்து ஏசியிருந்தால் நான் திரும்பவும் நித்திரை கொண்டிருப்பேன்.

இந்த இடத்தில் என் கொள்கையைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் காலத்து நாவல்களை நான் வாசிப்பதில்லை. வாசிக்காமலேயே அவற்றைப் பற்றி இரண்டு மணித்தியாலம் கதைக்கக்கூடியவன்.

காதல் நாவலில் கதாநாயகனுக்கு ஒரு கொம்பனி இருக்கும். அந்தக் கொம்பனி என்ன சாமான் செய்கிறது என்று முந்நூறு பக்கத்திலும் தெரியவராது. கதாநாயகி பதினைந்து பக்கத்துக்கு ஒருமுறை கால் தடுக்கி விழுவாள். அவன் எங்கிருந்தாலும் ஓடிவந்து தாங்குவான். இவ்வளவு விழுகிற பிள்ளையை ஒரு டொக்டரிடம் காட்டவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. மாயாஜால நாவலில் முதற் பக்கத்திலேயே வரைபடம் போட்டிருப்பார்கள். ஏழு மலை, மூன்று கடல், எரிகிற காடு ஒன்று. பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் நேரக்கணிப்பாளராக இருந்தவன் சொல்கிறேன், அந்த நாட்டில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக ஒழுங்கான பாதை ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் இளவரசன் மூன்று பாகமாக நடந்துகொண்டே இருக்கிறான். மர்ம நாவலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் டிப்போவில் ஒரு ஸ்பெயார் ரயர் காணாமற்போனபோது நடந்த விசாரணையில் அதைவிட மர்மம் இருந்தது.

வாசிக்காதவனுக்குத் தாய்மாமனை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதற்கு முந்திய வியாழக்கிழமை செல்வநாயகி சொந்தக்காரர் வீட்டுச் சாமத்தியச் சடங்குக்குப் பருத்தித்துறைக்குப் போயிருந்தாள். பழைய கலண்டர் தாளால் உறை போட்ட புத்தகம் மேசையில் கிடந்தது. எவ்வளவு கேவலமாக முடித்திருக்கிறான் என்று பார்ப்பதற்காகக் கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். பன்னிரண்டு பக்கத்தையும் நின்றபடியேதான் வாசித்தேன். நின்றுகொண்டு வாசித்தால் அது வாசிப்பில் சேராது.

கடைசி வெற்றுத் தாளில், முன்னர் வாசித்தவர்கள் பென்சிலால் தங்கள் மேலான கருத்துகளை எழுதியிருந்தார்கள். ‘நல்ல கதை. ஆனால் கொலை காணாது.’ ‘மாலினிக்கு மூளை இல்லை.’ ‘கோப்பி குடிப்பதை விட்டுவிட்டேன்.’ இவர்கள்தான் வாசகர்கள். இவர்களுக்கு இந்த எழுத்தாளன் போதும் என்று நினைத்துப் புத்தகத்தைக் கிடந்தபடியே வைத்துவிட்டேன்.

அன்று பின்னேரமே செல்வநாயகி என்னோடு கதைப்பதை நிறுத்தியது உறுதியாயிற்று.

“ஆருக்கும் தேத்தண்ணி வேணுமெண்டால் மேசையிலை கிடக்கெண்டு சொல்லு,” என்று பூனையிடம் சொன்னாள். பூனை என்னிடம் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

எங்கள் ஊரில் கதைக்காமல் விடுவது சின்ன விஷயமில்லை. வேலிக்கு நட்ட ஒரு கதிகாலில் தொடங்கி நாற்பது வருடம் கதைக்காமல் இருந்த சகோதரங்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் செத்தபிறகு மற்றவர் வந்து பிரேதத்தோடு கதைத்தார். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். செல்வநாயகியும் கதைக்காவிட்டால் அந்த வீட்டில் என்னோடு கதைக்க மிச்சம் இருப்பது பல்லிதான். பல்லியும் நான் சொல்வதற்கு ஆமாம் போடுகிற ஆளில்லை.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் குசினி வாசலில் போய் நின்றேன்.

“இஞ்சேரும், அண்டைக்கு நான் நித்திரையிலை உளறினது. மாமன் இல்லை. உந்தக் குப்பையை நான் தொடுறனானே? எனக்கென்ன தெரியும்?”

தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மூன்று நாளில் முதற் பார்வை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதுதான் கெடுத்தது.

“டொக்டர்தான் செய்திருப்பான்,” என்றேன். “அவன்ரை முழியைப் பார்த்தாலே தெரியுதே.”

அவள் பூனையைப் பார்த்தாள். “கேட்டியே? தொடுறேல்லையாம்,” என்றாள்.

திருவலை முன்னரைவிட வேகமாக ஓடத் தொடங்கியது.

கதிரையில் வந்து விழுந்த பிறகுதான் நான் செய்த வேலை விளங்கிற்று. டொக்டர் என்று சொல்லியாகிவிட்டது. புத்தகத்திலோ மாமன் கிடக்கிறான். அவள் கடைசி அத்தியாயத்துக்கு வந்தாளென்றால் நான் ஒரேயடியாகக் கள்ளனும் பொய்யனும் ஆவேன். ஆகவே அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த நேரம், புது பிளேட் ஒன்றை எடுத்துக் கடைசி அத்தியாயத்தின் ஆறு தாளையும் அலுங்காமல் வெட்டி எடுத்துச் சேட்டுப் பைக்குள் வைத்தேன்.

அது லைபிரரிப் புத்தகம் என்பது வெட்டி முடிந்த பிறகு ஞாபகம் வந்தது.

முடிவில்லாத புத்தகத்துக்கு ஒரு முடிவு வேண்டுமே. நானே எழுதினேன். புல்ஸ்காப் தாளில் எட்டுப் பக்கம், இரண்டு காலை நேரத்தில் முடிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அவ்வளவு கஷ்டமான வேலையில்லை. இதற்கா இவர்கள் அட்டையில் தங்கள் படத்தைப் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதை முதலில் பொன்மலர் அக்காவிடம் வாசித்துக் காட்டினால், அவர் போய் ‘டொக்டர்தானாம், உம்மடை மனிசன் ஒண்டையும் கெடுக்கேல்லை’ என்று செல்வநாயகிக்குச் சொல்லுவார். சண்டை முடியும். இதுதான் திட்டம்.

பொன்மலர் அக்கா தன் வீட்டு விறாந்தையில் சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்தக் கதையின்ரை முடிவு கிடைச்சுது. ஆரோ கையாலை பாத்து எழுதி வைச்சிருக்கினம். வாசிக்கட்டே?”

“வாசியுங்கோ தம்பி.”

வாசித்தேன். டொக்டர் நஞ்சைக் கலந்ததையும், மாலினி அதைக் குடித்துவிட்டு வாழ்க்கையின் நிலையாமை பற்றிப் பேசியதையும், பொலிஸ் வந்ததையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

“டொக்டர் செத்துப்போனான்,” என்றார் பொன்மலர் அக்கா.

“எப்ப?”

“தொண்ணூறாம் பக்கத்திலை. படியாலை உருண்டு விழுந்து. நீங்கள் அப்ப குறட்டை.”

“செத்தமாதிரி நடிச்சிருக்கலாமே அக்கா…”

“பெட்டியிலை வைச்சுத் தாட்டவை தம்பி. நானும் செல்வநாயகியும் செத்தவீட்டுக்குப் போன மாதிரி அழுதனாங்கள்.”

“சரி, அப்ப சமையல்காரன் எண்டு வைப்பம்.”

“அவனுக்கு மாலினியோடை என்ன கோவம்?”

“கறியிலை உப்புக் கூடிப்போச்செண்டு அவள் ஏசியிருக்கலாம்.”

“உப்புக்கு ஒரு கொலையே?” பொன்மலர் அக்கா ஒரு கல்லை எடுத்து முற்றத்தில் எறிந்தார். “மற்றது, உந்த நஞ்சைக் குடிச்ச ஆள் முதல் சத்தி எடுக்கும். முப்பத்தைஞ்சு வருஷம் வாட்டிலை நிண்டனான், ஒருத்தரும் நிலையாமை கதைச்சு நான் காணேல்லை. உங்கடை மாலினி மூண்டு பக்கத்துக்குக் கதைக்கிறாள். நானெண்டால் இன்னும் கொஞ்சம் நஞ்சு குடுத்திருப்பன்.”

எழுத்தாளர்கள் மேல் எனக்கு வாழ்க்கையில் முதன்முறையாக இரக்கம் வந்தது. அடுத்த கணம் பொன்மலர் அக்கா மேல் வந்த கோபம் அந்த இரக்கத்தை மூடிவிட்டது.

“என்ரை மாலினியோ? நான் எழுதினதெண்டு ஆர் சொன்னது?”

அவர் தாளை என் கையிலிருந்து வாங்கி ஒரு பார்வை பார்த்தார். “‘என்பதாம்’ எண்டு இஞ்சை மட்டும் மூண்டு இடத்திலை கிடக்கு. திருவிழாக் காலத்திலை உங்கடை லவுட்ஸ்பீக்கர் என்ரை யன்னலைப் பாத்துத்தானே கட்டிறது. உந்தப் பாசை எனக்குத் தெரியாதே?”

தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தால், செல்வநாயகி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடு அறையில் நின்றாள். பின்னட்டைக்கு முன்னால் ஆறு தாளின் அடிக்கட்டை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

“லைபிரரிப் புத்தகத்தை வெட்டிற மனிசரோடை குடும்பம் நடத்திறன் பார்,” என்று பூனையிடம் சொன்னாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. பூனை எழுந்து அவள் பக்கம் போயிற்று. நியாயம் எந்தப் பக்கம் என்று அதற்கும் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் பூனையோடும் அதிகம் கதைக்கவில்லை. மூன்று மணிக்குப் பொன்மலர் அக்கா வருவதும் நின்றுபோயிற்று. செல்வநாயகி மாயாஜால நாவல் ஒன்றின் முதலாம் பாகத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடி மாமரத்துக்குக் கீழே போய் இருந்து, வாய் திறக்காமல் வாசித்தாள். நான் வழக்கம்போலச் சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். நித்திரை வரவில்லை. கதிரையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஃபானைக் கூட்டிப் பார்த்தேன். வெக்கைதான் காரணம் என்று முடிவுகட்டினேன். ஆனாலும், விளக்குகள் அணைந்ததும் அந்தப் பங்களாவில் என்ன நடந்தது என்று நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம் என் தலைக்குள் சும்மா வந்து வந்து போயிற்று. முடிவு தெரியும். நடு தெரியாது. இந்த எழுத்தாளன்மார் செய்கிற அநியாயம் இது.

ஏழாம் நாள் கிணற்றடிக்கே போனேன்.

“உந்தப் புத்தகத்திலை கதைக்கிற பறவை ஒண்டு வருமே? எல்லா மாயாஜாலத்திலையும் வரும். வந்திட்டுதோ?”

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

“இளவரசன் எத்தினையாம் மலையிலை நிக்கிறான்?”

இன்னொரு பக்கம் புரண்டது. அவ்வளவு சீக்கிரம் ஒரு பக்கத்தை யாராலும் வாசிக்க முடியாது. நான் போகட்டும் என்று புரட்டுகிறாள் என்பது விளங்கியது. போனேன்.

ஒன்பதாம் நாள் புத்தகத்தின் தவணை முடிந்தது. திருப்பிக் கொடுக்கும் திகதியைச் செல்வநாயகி ஒருபோதும் தவறவிட்டதில்லை. அந்த வெட்டுப்பட்ட புத்தகத்தை அவள் கையில் கொடுத்து லைபிரரிக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

லைபிரரியில் மதுஷா என்ற பிள்ளை இருந்தாள். புத்தகத்தை விரித்துப் பார்த்தாள்.

“அங்கிள், கடைசிப் பக்கங்களைக் காணேல்லை.”

“எலி,” என்றேன்.

“நேர்கோட்டிலை வெட்டியிருக்கே.”

“எங்கடை வீட்டு எலி கொஞ்சம் ஒழுங்கானது.”

அவள் சிரிக்கவில்லை. என் சேட்டுப் பையைப் பார்த்தாள். பன்னிரண்டு பக்கமும் நான்காக மடிந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. எடுத்து மேசையில் வைத்தேன். வைத்த கையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பயன் சொன்னது, டொக்டர், பிளேட், எட்டுப் பக்க முடிவு, பூனை. முப்பத்தொரு வருடம் பிந்தி வந்த சாரதிகள் என் மேசைக்கு முன்னால் நின்று இப்படித்தான் சொன்னார்கள். அவர்களில் சிலரை நான் அநியாயமாக ஏசியிருக்கிறேன்.

மதுஷா பசைப் போத்தலை எடுத்து, தாள்களை ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினாள்.

“அங்கிள், ஒண்டு மட்டும் விளங்கேல்லை. மாமன்தான் கொலைகாரன் எண்டு சொன்னதுக்கே அன்ரி கோவம்?”

“பின்னை? நூற்றிமுப்பது பக்கம் மிச்சம் கிடக்கச் சொல்லிப்போட்டனே.”

அவள் முப்பதாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நீட்டினாள். பக்க இலக்கத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் கீறிய சின்னச் சின்னப் பூக்கள். நான்கு.

“இஞ்சை வாற வயசான ஆக்கள் கனபேர் இப்பிடித்தான். வாசிச்ச புத்தகத்தைத் தெரியாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போகாமல் ஒரு அடையாளம் வைப்பினம். சிலர் புள்ளி குத்துவினம், சிலர் சிலுவை. எங்கடை அன்ரிக்குப் பூ. முப்பதாம் பக்கம். வாசிக்கிற ஒவ்வொரு தரத்துக்கும் ஒண்டு.”

“நாலு பூ கிடக்கே.”

“ஓம். இது நாலாம் தரம். போன தரம் கொண்டுவந்து தரேக்கை, ‘பிள்ளை, இதைவிட நல்ல கதை உந்த அலுமாரியிலை இல்லை’ எண்டு சொன்னவ.”

நான் அந்தப் பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாவற்றுக்கும் ஐந்து ஐந்து இதழ். அவசரமில்லாமல் கீறியிருந்தாள்.

மூன்று தரம் வாசித்தவளுக்கு மாமனைத் தெரியும். முதற் பக்கத்திலிருந்தே தெரியும். அப்படியானால் நான் எதைக் கெடுத்தேன்? ஒன்பது நாளாக எதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிந்தேன்? எனக்கும் கொஞ்சம் கோபம் வரப் பார்த்தது. ஆனால் அந்தக் குரல் உடைந்தது உண்மை. மாமரத்துக்குக் கீழே வாய் திறக்காமல் இருந்ததும் உண்மை. முடிவு தெரிந்த கதைக்கு யாரும் அப்படி இருக்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே பொன்மலர் அக்காவின் படலையில் சைக்கிளைச் சாத்தினேன். அவர் விறாந்தையில் இருந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அவ அந்தப் புத்தகத்தை முதலே மூண்டு தரம் வாசிச்சிட்டாவாம்.”

“ஓம்.”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம். எனக்கும் முடிவு தெரியும். வாசிக்கத் தொடங்கின மூண்டாம் நாளே சொல்லிப்போட்டா.”

“அப்ப என்ன விசருக்கு என்னோடை கோவம்? முடிவு தெரிஞ்ச ரெண்டு பேருக்கு முடிவைச் சொன்னதிலை ஆருக்கு என்ன நட்டம்?”

பொன்மலர் அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“நான் பகிடிக்குக் கேக்கேல்லை அக்கா. ஒம்பது நாளாய் அந்த வீட்டிலை ஒரு சொல்லுச் சத்தமில்லை. சாப்பாடு இறங்குதில்லை. ஆரைக் கேட்டாலும் வேறை வேறை கதை. நீங்களாவது நேரை ஒரு மறுமொழி சொல்லுங்கோ.”

அவர் ஊசியை வெளிச்சத்துக்குப் பிடித்து, புது நூலை ஒரே தடவையில் கோத்தார். பிறகு என்னை நேரே பார்த்தார்.

“எனக்குக் கண் தெளிஞ்சு மூண்டு மாசம், தம்பி. அவ தொண்டை நோக வாசிச்சது எனக்கில்லை, உங்களுக்கு. நீங்கள்தான் அவவை நடுவழியிலை விட்டிட்டு, களவாய்த் தனியப் போய் முடிவை வாசிச்சிட்டு வந்து நிக்கிறியள்.”